தோழிகள் துப்புத் துலக்கும் கதை: 1930 சென்னையை வைத்து ஒரு சரித்திர மர்மக்கதை எழுதத் தொடங்குவது எப்படி

சரித்திர மர்மக்கதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் பிணத்திலிருந்து தொடங்குகிறார்கள். யார் செத்தார், எப்படிச் செத்தார், யார் கொன்றார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அப்புறம் அதற்குப் பழைய காலத்து உடையை மாட்டிவிடுகிறார்கள். பெண்களின் வாழ்க்கையையும் நட்பையும் நடுவில் வைத்து எழுத நினைத்தால் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். எந்தப் பெண்ணுக்கு எந்த வாசல் திறக்கும்?

நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண்ணால் எல்லா இடத்துக்கும் போக முடியாது. எல்லோரோடும் பேச முடியாது. ஆனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு வாசல் திறந்திருந்தது. ஒருத்திக்கு அடுக்களை, ஒருத்திக்கு ஆஸ்பத்திரி, ஒருத்திக்குப் பத்து வீட்டுக் கொல்லைப்புறம். உண்மை இவர்களிடையே துண்டு துண்டாகக் கிடக்கும். அதை ஒன்று சேர்ப்பது நட்பு. நட்பை எடுத்துவிட்டாலும் உங்கள் கதையில் கொலையாளி பிடிபடுகிறான் என்றால், அந்த நட்பு அலங்காரத்துக்கு வைத்ததுதான். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான்.

முதலில் ஆண்டும் தெருவும்

'அந்தக் காலம்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு காலம் கிடையாது. ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். சட்டமோ வழக்கமோ ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் புரளும் ஆண்டாக இருந்தால் நல்லது. எல்லார் வீட்டிலும் சண்டை நடக்கும் ஆண்டு அதுதான்.

இந்தக் கட்டுரைக்கு 1930-ஐ எடுத்துக்கொள்கிறேன். சாரதா சட்டம் என்று எல்லோரும் அழைத்த குழந்தை மணத் தடுப்புச் சட்டம் 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14 வயதும் பையனுக்கு 18 வயதும் நிரம்பியிருக்க வேண்டும் என்றது. இடையில் கிடைத்த ஆறு மாதத்தில் நாடெங்கும் அவசர அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. கெடுவுக்குள் முடிக்க முடியாதவர்களுக்கு, பிரிட்டிஷ் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரி பக்கத்திலேயே இருந்தது. மர்மக்கதைக்காரருக்கு இதைவிட நல்ல கெடு எங்கே கிடைக்கும்? வீட்டில் 11 வயதுப் பெண் இருக்கிறாள், தாத்தா மார்ச்சுக்குள் தாலி கட்டிவிடத் துடிக்கிறார், தாய்க்கு விருப்பமில்லை. கதை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

அதே ஆண்டு ஏப்ரலில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. ருக்மிணி லட்சுமிபதி சிறை சென்றார். சென்னைச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். அவ்வை இல்லம் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். இதையெல்லாம் கதைக்குள் கொட்ட வேண்டாம். ஆனால் உங்கள் பாத்திரங்கள் திண்ணையில் யாரோ பத்திரிகையை உரக்கப் படிப்பதை உள்ளிருந்து கேட்டிருப்பார்கள். அதை அவர்கள் பேச்சில் ஒரு வரியாக விட்டால் போதும்.

அடுத்தது தெரு. நான் திருவல்லிக்கேணியைத் தேர்ந்தெடுப்பேன். அதற்குக் காரணம் நடக்கும் தூரம். பார்த்தசாரதி கோயிலின் மாட வீதியிலிருந்து கோஷா ஆஸ்பத்திரிக்கு நடந்துவிடலாம். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடம். அங்கே அப்போது சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியால் தொடங்கிய இளம் விதவையருக்கான இல்லம் இயங்கியது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் 1914-ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி. ஆண் துணை இல்லாமல், வண்டி பிடிக்காமல், கோயிலுக்குப் போகிறேன் என்ற ஒரே சாக்கில் ஒரு பெண் போய்வரக்கூடிய இடங்கள் இவை. ஆண் துப்பறிவாளன் ரயிலேறி எங்கும் போவான். உங்கள் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் வெளியே இருக்க முடியும் என்பதே கதையின் எல்லைக்கோடு. ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நடக்க எத்தனை நிமிடம், அதற்கு வீட்டில் என்ன காரணம் சொல்ல முடியும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

சென்னைதான் என்றில்லை. பெரிய ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த தியாகராய நகர், 1824-லிருந்தே பெண்கள் விடுதியில் தங்கிப் படித்த யாழ்ப்பாணத்து உடுவில் பாடசாலை, உங்கள் பாட்டி பிறந்த ஊர், எதுவும் ஆகும். தெரு உங்களுக்கு நடந்து தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

தோழிகளைத் தேர்ந்தெடுப்பது

மூன்று பேர் போதும். நான்காவது ஆள் வந்தால் புதியவருக்குக் கை சமாளிக்காது. ஒவ்வொருத்திக்கும் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: அவளுக்கு மட்டும் திறக்கும் வாசல், அவளுக்கு மட்டும் தெரியும் சங்கதி, இந்த நட்பால் அவள் இழக்கக்கூடியது. மூன்றாவது இல்லாவிட்டால் கதையில் பயம் இருக்காது.

நான் கற்பனையாக மூன்று பேரை வைத்துக்கொள்கிறேன். அலமேலு, முப்பது வயது, பால்ய விதவை, பிறந்த வீட்டோடு இருப்பவள். செத்துப்போகப்போகும் பெரியவரின் (அந்த 11 வயதுப் பெண்ணின் தாத்தா) மகள். கிரேஸ், கோஷா ஆஸ்பத்திரி நர்ஸ். முனியம்மா, அந்தத் தெருவுக்கே துணி வெளுப்பவள்.

அலமேலுவுக்கு வீட்டின் அத்தனை அறைகளும் தெரியும். விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒதுங்குவார்கள், ஆனால் அடுக்களையில் அவள் இருப்பதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். கவனிக்கப்படாதவள் எல்லாவற்றையும் கேட்பாள். கிரேஸ் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1885-ல், ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள மாட்டோம் என்ற இந்து, முஸ்லிம் குடும்பப் பெண்களுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ஆனால் திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். கோஷா என்றால் திரை. ஆண்கள் இஷ்டத்துக்கு நுழைய முடியாத ஒரு பெரிய கட்டடம், உள்ளே பிறப்பு, சாவு, கர்ப்பம், காயம் எல்லாவற்றுக்கும் பதிவேடு. மர்மக்கதைக்கு வாய்த்த இடம்.

நட்பு எப்படி வந்தது என்பதையும் யோசியுங்கள். தமிழில் பெண்கள் இந்த வகைக் கதையை எழுத வந்த விதத்திலேயே ஒரு நட்பு இருக்கிறது. வை.மு. கோதைநாயகிக்குச் சரியாக எழுதப் பழக்கமில்லாத நாளில், அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவர் தோழி பட்டம்மாள். அப்புறம் அவர் 1925-லிருந்து 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார், 115 நாவல்கள் எழுதினார், துப்பறியும் கதைகளும் அதில் உண்டு. ஒருத்தி வாய், ஒருத்தி கை. இப்படி ஒரு காரியத்தில் பிறந்த நட்பைக் காட்டுங்கள். கோயில் குளத்தங்கரையில் சிரித்துப் பேசினார்கள் என்று எழுதினால் வாசகர் நம்ப மாட்டார். ஒருத்திக்கு வரும் கடிதத்தை இன்னொருத்தி படித்துச் சொல்கிறாள் என்றால் நம்புவார்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அலமேலுவும் முனியம்மாவும் 1930-ல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். முனியம்மா கொல்லை வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்க மாட்டாள். இந்தச் சாதிக் கோட்டை அழித்துவிட்டு, எல்லோரும் சமமாகக் காப்பி குடித்தார்கள் என்று எழுதுவது அந்தக் காலத்துப் பெண்களுக்குச் செய்யும் துரோகம். கோடு இருக்கும்போதே அதன் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் காப்பாற்றினார்கள் என்றால் அது நட்பு. எங்கே அந்தக் கோட்டால் நட்பு தோற்றது என்பதையும் காட்டுங்கள், ஒரு இடத்திலாவது.

கொலைக்குக் காரணத்தைச் சட்டத்திலிருந்து எடுங்கள்

பொறாமை, காதல், பழிவாங்கல் எல்லாம் எந்தக் காலத்துக்கும் பொது. உங்கள் ஆண்டுக்கு மட்டுமே உரிய காரணம் வேண்டுமென்றால் சட்டத்தைப் பாருங்கள்.

இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1937-ல்தான் வந்தது. அதற்கு முன் கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குக் கிடைத்தது ஜீவனாம்சம் மட்டும். அவள் சீதனமாகக் கொண்டுவந்த நகை அவளுடையது, ஆனால் அது யார் பெட்டியில் பூட்டியிருக்கிறது? சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் 1949 வரை இல்லை. பிரிய வழியில்லாத வீட்டில் சாவு என்ன அர்த்தம் பெறுகிறது என்று யோசியுங்கள். தத்து எடுப்பது இன்னொரு சுரங்கம். கணவன் அனுமதி தராமல் இறந்திருந்தாலும், பங்காளிகளின் சம்மதத்தோடு விதவை தத்து எடுக்கலாம் என்று 1868-ல் ராமநாதபுரம் வழக்கில், அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. பங்காளி கையெழுத்திட்ட ஒரு சம்மதப் பத்திரம், அது போலியா நிஜமா. ஒரு நாவலுக்கு அதுவே போதும்.

நம் கதையில் பெரியவர் செத்தால் யாருக்கு லாபம் என்று பட்டியல் போட்டால், பேத்தியின் கல்யாணம் நின்றுபோகும் என்பதால் மருமகள் முதலில் வருவாள். நகைப்பெட்டி காரணமாக அலமேலுவும் வருவாள். துப்புத் துலக்கும் தோழியே சந்தேகப் பட்டியலில் இருப்பது நல்லது. மற்ற இரண்டு பேரும் அவளை நம்பித்தான் ஆக வேண்டும், அந்த நம்பிக்கைக்கு விலை இருக்கும்.

துப்பு: வீட்டுக்குள் மட்டும் தெரிந்தது

இதுதான் இந்த வகைக் கதையின் உயிர். இங்கே அவசரப்படாதீர்கள்.

கைரேகை, காலடி, கிழிந்த சட்டைத் துண்டு எல்லாம் போலீஸுக்கும் கிடைக்கும். உங்கள் துப்பு பெண்களுக்கு மட்டுமே தெரிந்ததாக, அதிலும் வெளியே சொல்லக் கூச்சப்படுவதாக இருக்க வேண்டும். அப்போதுதான் இன்ஸ்பெக்டர் ஏன் கோட்டை விட்டார் என்பதற்கு அவரை முட்டாளாக்க வேண்டிய தேவை வராது. அவர் புத்திசாலியாகவே இருக்கட்டும். அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பெரியவர் மார்ச் 31 இரவு கஷாயம் குடித்துவிட்டுச் சாகிறார். இன்ஸ்பெக்டரின் சந்தேகம் மருமகள் வேதவல்லி மேல். ஆனால் வீட்டுப் பெண்கள் யாருக்கும் அவள் மேல் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அவள் அன்றைக்குத் தூரம், அதாவது மாதவிலக்கு. மூன்று நாளும் கொல்லைப்பக்க அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவள். அடுக்களைப் பக்கம் வர முடியாது, பாத்திரத்தைத் தொட முடியாது, தட்டே தனி. இதைவிடப் பலமான சாட்சியம் அந்த வீட்டில் கிடையாது. ஆனால் எந்தப் பெண் போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்வாள்? மாமியார் சொல்ல மாட்டாள். வேதவல்லியும் சொல்ல மாட்டாள், வாயே திறக்காது. அலமேலுதான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்வதென்று முடிவெடுக்கிறாள். சொல்வதற்கு முன், கொல்லை வாசலில் முனியம்மாவிடம் ஒரு வார்த்தை.

"முனியம்மா, மன்னி துணி உங்கிட்டதானே வந்தது?"

"வந்திச்சும்மா."

"எப்பவும் போலத்தானே?"

முனியம்மா மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வெளுத்த துணிய மறுக்கா வெளுத்தா அதுக்கும் கூலி உண்டாம்மா?"

அவ்வளவுதான் உரையாடல். முனியம்மா எதையும் சொல்லவில்லை, ஆனால் அலமேலுவுக்கு விளங்கிவிட்டது. துணியில் கறை இல்லை. மன்னி தூரம் இல்லை, பொய் சொல்லியிருக்கிறாள். ஏன்? அந்த அறைக்குத்தான் பின்பக்கச் சந்தில் திறக்கும் கதவு இருக்கிறது. மூன்று நாள் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள், எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள்.

இங்கே வாசகருக்கு வேதவல்லிதான் கொலைகாரி என்று தோன்ற வேண்டும். மூன்றாவது துண்டு கிரேஸிடம் இருக்கிறது. அன்று சாயங்காலம் முக்காடு போட்ட ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வந்து, 1919-ல் பிறந்த ஒரு குழந்தையின் பதிவைப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சினாள். மகளுக்கு வயது 11தான் என்று காட்டக் காகிதம் தேடிப் போனவள் வேதவல்லி. அவள் பொய் சொன்னது நிஜம்தான், ஆனால் அது மறைத்தது வேறொன்றை.

மூன்று பேரிடமும் ஒவ்வொரு துண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒருத்தியின் துண்டு வேதவல்லியைக் காப்பாற்றுகிறது, ஒருத்தியின் துண்டு தூக்கில் போடுகிறது, ஒருத்தியின் துண்டுக்கு அர்த்தமே இல்லை. சேர்ந்தால்தான் விடை. கொலையாளி யார் என்பதை உங்களிடமே விடுகிறேன். கஷாயம் எப்போது, யார் கையால் போனது என்று அடுக்களையில் தேடுங்கள்.

இதே மாதிரித் துப்புகள் ஏராளம். வெளுக்கிறவர்கள் சேங்கொட்டையால் துணி ஓரத்தில் இடும் குறி, எந்தத் துணி எந்த வீடு என்று சொல்லிவிடும். பால்காரிக்குச் சுவரில் இட்ட புள்ளிக் கணக்கு, பூக்காரிக்கு அன்றைக்கு எத்தனை முழம் கூடுதலாகப் போனது, திதி நாளில் யார் சமைத்தார், புளி யார் கரைத்தார். உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் கேளுங்கள். "ஆம்பிளைகளுக்குத் தெரியாம உங்களுக்கு மட்டும் என்னென்ன தெரிஞ்சிருந்தது?" என்ற ஒரு கேள்வி போதும். நோட்டுப் புத்தகம் நிரம்பிவிடும்.

விஷத்தைப் பற்றி நிறைய எழுத ஆசை வரும். வேண்டாம். பாஷாணம் என்று சொல்லும் ஆர்சனிக்கைச் சோதனையில் கண்டுபிடிக்கும் வழி அப்போதே இருந்தது, சென்னையில் அரசின் வேதியியல் பரிசோதகர் அலுவலகமும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே இருந்தது. அரளி போன்ற செடி விஷங்கள் அவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் கதைக்குப் போதும்.

போலீஸும் கோர்ட்டும்

1930-ல் பெண் போலீஸ் கிடையாது. தமிழ்நாட்டில் பெண்களைக் காவல் துறையில் சேர்த்ததே 1973-ல். ஆனால் 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு பெண்ணைச் சோதனை போடுவதென்றால் இன்னொரு பெண்தான் போட வேண்டும் என்றது. ஆகவே இன்ஸ்பெக்டர் ஒரு பெண்ணைத் தேடி அழைத்து வர வேண்டும். கிரேஸை அழைக்கட்டுமே! அந்த ஒரு பிரிவால் உங்கள் நர்ஸ் சட்டப்படி வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

இன்னொன்று. வெளியாள் கண்ணில் படாத வழக்கமுள்ள பெண்கள் இருக்கும் அறைக்குள் போலீஸ் நுழையுமுன், அவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று அறிவித்து, விலக வசதியும் செய்து தர வேண்டும். ஐந்து பெண்கள் முக்காட்டோடு அறையை விட்டு வெளியேறுகிறார்கள். யார் மடியில் என்ன போனது?

நகரத்தில் நடந்த கொலை வழக்கு உயர்நீதிமன்ற செஷன்ஸுக்குப் போகும். அங்கே 9 ஜூரிகள், அனைவரும் ஆண்கள். பெண்கள் வக்கீல் தொழில் செய்ய 1923-ல்தான் சட்டம் வழிவிட்டது. தூரம், தீட்டுத் துணி என்ற சாட்சியத்தை இந்தச் சபையில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் தோழிகள் முன் நிற்கும் நிஜமான கேள்வி. சொன்னால் ஒருத்தி தப்புவாள், சொன்னவள் தெருவில் தலைகாட்ட முடியாது. கடைசி அத்தியாயத்தை எழுதுமுன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். உண்மை தெரிந்ததும் போலீஸிடம் ஓடுவது ஒரு முடிவு. தங்களுக்குள்ளேயே ஒரு நியாயம் செய்துகொள்வது இன்னொன்று. இரண்டுக்கும் காலத்தில் இடம் உண்டு.

எங்கே தேடுவது

முதலில் வீட்டுப் பெட்டி. பழைய கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், மளிகைக் கணக்கு, அஞ்சலட்டைகள். அப்புறம் வெளியே. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகம், இதழ், துண்டு நோட்டீஸ் எல்லாவற்றையும் அடிப்படையாக வைத்து 1994-ல் உருவானது. வெளியூரில் இருப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். வீட்டிலிருந்தே பழைய இதழ்களைப் புரட்டலாம்.

பழைய இதழில் தலையங்கத்தைவிட விளம்பரங்களை ஊன்றிப் படியுங்கள். எந்தத் தைலம், எந்தச் சோப்பு, எந்தப் பிரசவ லேகியம், என்ன விலை. அந்தக் காலப் பெண் எதற்குக் காசு எடுத்து வைத்தாள் என்பது அங்கேதான் தெரியும். சட்டச் சிக்கல்களுக்குப் பழைய தீர்ப்புகளைப் படியுங்கள். ஜீவனாம்ச வழக்குகளில் பெண்கள் சொன்ன வாக்குமூலங்களின் சுருக்கம் இருக்கும், வறண்ட மொழியில்தான், ஆனால் உள்ளே ஒரு வீடே தெரியும்.

நாள், கிழமை, திதியைப் பழைய பஞ்சாங்கத்தில் சரிபாருங்கள். 1930 ஏப்ரல் 1 செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, மார்ச் 30, அமாவாசை. அப்படியென்றால் மார்ச் 31 நடுராத்திரியில் நிலா வெளிச்சத்தில் ஆளைப் பார்த்தேன் என்று எந்தச் சாட்சியாவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார். தேடிப் போன உண்மை உங்களுக்கே ஒரு துப்பைத் தந்துவிடுகிறது, பாருங்கள். 1906-க்கு முந்தைய கதை என்றால் கடிகாரமும் உதவும். அதுவரை ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின, இந்தியப் பொது நேரத்துக்கு அது சுமார் 9 நிமிடம் பின்னால். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஊர்க் கடிகாரம் வேறு நேரம் காட்டியது.

தேடலுக்கு ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே இருந்தால் எழுத மாட்டீர்கள். கதைக்குத் தேவையான கேள்விகளை முதலில் எழுதி, அவற்றுக்கு மட்டும் விடை தேடினால் போதும்.

பேச்சு மொழி

கதை சொல்லும் நடை இன்றைய எளிய தமிழாக இருக்கட்டும். வடமொழி நிறையக் கலந்த மணிப்பிரவாளத்தில் முழு நாவல் எழுதினால் வாசகர் மூன்றாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவார். உரையாடலில் மட்டும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டுங்கள். அலமேலு வீட்டை 'ஆம்' என்பாள், அண்ணன் மனைவியை மன்னி என்பாள். கிரேஸை நர்ஸம்மா என்று தெருவே கூப்பிடும். முனியம்மா அலமேலுவை அம்மா என்பாள், அலமேலு அவளைப் பெயர் சொல்லி நீ என்பாள், வயதில் முனியம்மா மூத்தவளாக இருந்தாலும். அது அநியாயம்தான், அதைத் திருத்தாமல் எழுதுங்கள். ஆனால் கதைசொல்லியின் குரலில் அந்த ஏற்றத்தாழ்வு வரக் கூடாது. கதைசொல்லி முனியம்மாவைப் பற்றி அலமேலுவுக்குக் காட்டும் அதே மரியாதையோடு பேச வேண்டும்.

பேச்சுவழக்கை மூன்று, நான்கு சொற்களில் அடையாளம் காட்டினால் போதும். எல்லா வார்த்தையையும் வளைத்தால் படிக்க முடியாது. எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள்.

எழுதும் வரிசை

கொலை நடந்த நாளைக் காலை ஐந்து மணியிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். யார் எங்கே, எப்போது, எதைத் தொட்டார். இது உங்களுக்கு மட்டும், வாசகருக்கு அல்ல. அப்புறம் மூன்று தோழிகளுக்கும் தனித்தனிப் பத்தி: அவளுக்கு எந்த அத்தியாயத்தில் எது தெரியவருகிறது. ஒரே அத்தியாயத்தில் இரண்டு பேருக்கு ஒரே சங்கதி தெரிந்தால் ஒன்றை வெட்டுங்கள்.

நடுவில் ஒரு சண்டை வேண்டும். தோழிகள் பிரிய வேண்டும், அதுவும் நியாயமான காரணத்துக்காக. நம் கதையில், முனியம்மா சொன்னதை அலமேலு அவளைக் கேட்காமல் கிரேஸிடம் சொல்லிவிடுகிறாள். வீட்டுச் சங்கதியை வெளியே விட்டவள் என்று பேர் வந்தால் முனியம்மாவுக்குத் தெருவே போய்விடும், பிழைப்பு போய்விடும். அலமேலுவுக்கு அது தோன்றவே இல்லை. இந்தச் சண்டையை நன்றாக எழுதுங்கள். பல புதிய எழுத்தாளர்கள் கொலைக் காட்சிக்கு உழைத்துவிட்டு இதை இரண்டு வரியில் தாண்டுகிறார்கள். வாசகர் நினைவில் நிற்கப்போவது இதுதான்.

கடைசியாக ஒருமுறை சலித்தெடுத்தல்

முதல் பிரதி முடிந்ததும் காலப்பிழைகளைப் பொறுக்க வேண்டும். 1930-க்குச் சில: அண்ணா சாலை கிடையாது, மவுண்ட் ரோடு. மாநிலத்தின் பெயர் சென்னை மாகாணம் அல்லது ராஜதானி. டிராம் ஓடியது, கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல்தான். அதே ஆண்டில்தான் தமிழ் பேசும் படமும் வந்தது, ஆகவே உங்கள் பாத்திரங்கள் பார்ப்பது ஊமைப்படம். ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் 1938. காசு என்றால் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா, நயா பைசா 1957-ல் வந்தது. அஞ்சலட்டை அரையணா. எவர்சில்வர் டம்ளரை எடுத்துவிட்டுப் பித்தளையும் வெண்கலமும் வையுங்கள். பந்துமுனைப் பேனாவை எடுத்துவிட்டு மைக்கூடு வையுங்கள். தூரத்தை மைலில் சொல்லுங்கள்.

பிறகு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் மர்மக்கதை நிறையப் படிப்பவர், எந்த அத்தியாயத்தில் கொலையாளியைக் கண்டுபிடித்தார் என்று மட்டும் கேளுங்கள். இன்னொருவர் எழுபது தாண்டிய ஒரு பெண்மணி. அவருக்குப் படித்துக் காட்டும்போது எங்கே நிறுத்தி, "அப்படியெல்லாம் செய்ய மாட்டோம்" என்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் நிறுத்திய இடங்களைத் திருத்தாமல் அடுத்த பிரதிக்குப் போக வேண்டாம்.

நாவல் பயமாக இருந்தால் இதே மூன்று பேரை வைத்து 3,000 சொற்களில் ஒரு சிறுகதை எழுதுங்கள். கொலைகூட வேண்டாம். காணாமல் போன ஒரு வளையல், கொல்லை வாசல், மூன்று பெண்கள். இந்த வாரத்தில் எழுதி முடித்துவிடக்கூடிய அளவுதான்.